பழைய காருக்கு மாற்று என்ஜின்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரின் என்ஜின் சூடேறி ஜாம் ஆகிவிட்டது. அதே மாடலிலிருந்து கழற்றிய என்ஜின் கிடைத்திருக்கிறது. அப்படியே ஏற்றிவிடலாமா?

பதில்: பழையது ஏன் போனது என்று தெரியாமல் வேண்டாம். ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், ஓடாத ஃபேன் என்று காரணம் எதுவோ, அது இன்னும் வண்டியிலேயே இருந்தால் வருகிற என்ஜினும் சூடேறித்தான் போகும். பழைய என்ஜின் பேரிங் தேய்ந்து போனது என்றால், ஆயில் கூலரையும் மாற்றிவிடுங்கள். உள்ளே சிக்கிய உலோகத் துகள் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது.

வாங்கும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை (காற்று உள்ளே போகும் வால்வை) முழுதாகத் திறந்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10-15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒன்றில் மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம்.

ஏற்றுமுன், கிராங்க் (என்ஜினின் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிளட்ச் செட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இதில் பின்பக்க சீலை யாரும் தவிர்க்கக் கூடாது. பிறகு கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், ஆயில் பட்ட கிளட்ச் பிளேட்டும் வீண். சென்சார்களையும் ஒயரிங்கையும் உங்கள் பழைய என்ஜினிலிருந்தே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலும் வருஷத்துக்கு வருஷம் ஒயரிங் பிளக் மாறும். கிராங்க் சென்சார் படிக்கும் பற்களின் எண்ணிக்கைகூட மாறலாம்.

கேள்வி: கியர்பாக்ஸ் என்ஜினோடு சேராமல் அரை இஞ்ச் இடைவெளியில் நின்றுவிடுகிறது. போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது! போல்ட்டால் இழுத்தால் பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் உறையின்) காது உடையும், கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் வளையும். கிளட்ச் பிளேட் நடுவில் உட்காராததுதான் பெரும்பாலும் காரணம். பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, அலைன்மென்ட் டூல் செருகி, மறுபடி முறுக்குங்கள். டவல் பின் (இரண்டையும் நேராகப் பொருத்தும் முளை) இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு கியரில் போட்டுக்கொண்டு, கிராங்க் புல்லியை ஸ்பானரால் மெல்லச் சுற்றினால் ஸ்ப்லைன் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல்வரி) பொருந்தி, கியர்பாக்ஸ் கையால் தள்ளினாலே உள்ளே போகும்.

ஆட்டோமேட்டிக் என்றால் ஆபத்து அதிகம். டார்க் கன்வெர்ட்டரை (கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் பாகத்தை) கியர்பாக்ஸுக்குள் சுற்றிக்கொண்டே தள்ளுங்கள், இரண்டு மூன்று முறை 'டொக்' என்று இறங்க வேண்டும். முழுதாக இறங்காமல் போல்ட் முறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடையும்.

கேள்வி: மாட்டி முடித்தாயிற்று. சாவி போடலாமா?

பதில்: முதலில் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் ஒயரைப் பாருங்கள். அதை மறந்தால் ஸ்டார்ட்டர் கரன்ட் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அவற்றை உருக்கிவிடும். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயில் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை 10 விநாடி 10 விநாடியாக ஸ்டார்ட்டர் அடியுங்கள். நடுவில் ஸ்டார்ட்டர் ஆற அவகாசம் கொடுங்கள். பிறகு கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து கூலன்ட்டின் காற்றை வெளியேற்றுங்கள். ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பின் அணைத்து, முழுதாக ஆறவிட்டு, கூலன்ட் அளவையும் ஹோஸ் கிளிப்புகளையும் மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றிவிடுங்கள்.