நீல வீட்டில் தங்கலாமா?

கேள்வி: மனைவியோடு பினாங்கு போகிறேன். ஜார்ஜ் டவுனில் பெரிய ஹோட்டல் வேண்டாம், அழகான சின்ன விடுதி ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: லீத் தெருவில் உள்ள செங் ஃபாட் சே மாளிகைக்குப் போங்கள். சீனப் பெருவணிகர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு, பாழாகிக் கிடந்ததைப் பழைய முறையிலேயே புதுப்பித்து, 2000இல் யுனெஸ்கோ விருதும் வாங்கி, இப்போது 18 அறைகளோடு விடுதியாக நடத்துகிறார்கள். சுவரில் இருப்பது பெயின்ட் இல்லை, சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசியது. ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும் என்பதால் அந்த ஊர் மழைக்கு அதுதான் சரி. நடுமுற்றத்தில் நின்றால் நம் செட்டிநாட்டு வீடு ஞாபகம் வரும். பகலில் சுற்றிப் பார்க்கக் கூட்டம் வரும், மதியத் தூக்கத்தை மறந்துவிடுங்கள். வாடகையும் கொஞ்சம் உறைக்கும். சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம்.