'கூ' விளையாட்டில் எல்லோரும் "நான் டியூக்" என்கிறார்கள், யாரும் சந்தேகித்துக் கேட்பதில்லை. எங்கே பிழை?

கேள்வி: திருகோணமலையில் ஐந்தாறு பேர் சேர்ந்து 'கூ' (Coup) என்ற, பொய் சொல்லி ஏமாற்றும் கடதாசி விளையாட்டைப் பழகுகிறோம். பெட்டி இங்கே எங்கும் அகப்படவில்லை. சாதாரணக் கடதாசிக் கட்டை வைத்து விளையாடலாமா? முதல் சுற்றிலேயே எல்லோரும் "நான் டியூக்" என்று சொல்லி மூன்று காசு எடுக்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் வெறும் காசு எண்ணும் வேலையாகப் போய்விடுகிறது.

பதில்:

சொன்ன கடதாசி உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகித்து "காட்டு" என்று சொல்லும் ஆள் உங்கள் மேசையில் இல்லை, அதுதான் பிழை. கேட்க ஏன் பயப்படுகிறார்கள் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன் கடதாசிக் கட்டு பற்றி.

பெட்டி இல்லாமலே விளையாடலாம். 304 என்ற கடதாசி ஆட்டம் ஆடும் வீடாக இருந்தால் 2 முதல் 6 வரையான கடதாசிகள் ஒதுக்கிவைத்தபடி சும்மா கிடக்கும். அந்த 20 இல் ஒரு இனத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். மிச்சம் 15, அதாவது ஐந்து இலக்கம், ஒவ்வொன்றிலும் மூன்று. பெட்டிக்குள் இருப்பதும் இதே கணக்குத்தான்: ஐந்து பாத்திரம், மும்மூன்று கடதாசி.

இலக்கத்தைப் பாத்திரத்தோடு இப்படிப் பொருத்தினால் மறக்காது. 2 கப்டன், ஏனென்றால் அவர் இன்னொருவரிடமிருந்து 2 காசு பறிப்பார் (ஒன்றுதான் இருந்தால் ஒன்று). 3 டியூக், நடுவிலிருந்து 3 காசு எடுப்பார். 4 தூதுவர், தன் கையிலுள்ள இரண்டு கடதாசியோடு கட்டிலிருந்து இன்னும் இரண்டு எடுத்து நாலையும் பார்த்துவிட்டு, விரும்பிய இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பி வைத்துக் கலைப்பார். 5 கொலையாளி, 3 காசு கட்டி ஒருவரின் ஒரு உயிரை, அதாவது அவர் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு கடதாசியை, எடுப்பார். 6 கொன்டெசா சீமாட்டி. தன் முறையில் அவளுக்கு வேலை கிடையாது, கொலையாளியை மறிக்க மட்டுமே அவள்.

காசுக்கு 50 புளியங்கொட்டை போதும். ரூபாய்க் குற்றிகளும் சரிதான், ஆனால் சூதாடுகிறீர்கள் என்று பெரியவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கட்டின் முதுகைக் கவனியுங்கள். கடற்காற்றில் ஈரம் பிடித்த கடதாசி ஊதும், மூலை மடியும். 304 இல் ஒரு மூலை மடிந்திருந்தாலும் ஆட்டம் ஓடும். இங்கே மொத்தமே 15 கடதாசி, ஒன்றை அடையாளம் கண்டால் ஆட்டம் செத்துப்போகும். பிளாஸ்டிக் பூசிய கட்டு நல்லது. டச் பே மணலில் உட்கார்ந்து ஆடுவதானால் பழைய கட்டைக் கொண்டுபோங்கள், மணல் முதுகில் கீறல் போடும். கச்சான் காற்றுக் காலத்தில் அங்கே விரிக்காமல் இருப்பதே மேல்.

விளையாட்டை 2012 இல் ரிக்கி தாஹ்டா உருவாக்கினார். முதற் பதிப்பின் கதைப்படி இத்தாலிய நகர அரசு ஒன்று, பலமில்லாத, ஊழல் பிடித்த அரசவை, அதைக் கைப்பற்றப் போட்டிபோடும் குடும்பங்கள். ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் தலை. கவிழ்த்து வைத்திருக்கும் இரண்டு கடதாசிகள்தான் அரசவையில் உங்களுக்குள்ள செல்வாக்கு. விளையாடுகிறவர்கள் உயிர் என்றே சொல்வோம். இரண்டும் போனால் வெளியே. கடைசியாக மிஞ்சுபவர் வெற்றி.

தொடக்கத்தில் ஆளுக்கு 2 கடதாசி, 2 காசு. இருவர் மட்டும் ஆடினால் முதலில் தொடங்குபவருக்கு 1 காசு. உங்கள் முறையில் பாத்திரம் சொல்லாமலே 1 காசு எடுக்கலாம், அதை யாராலும் மறிக்க முடியாது. வெளியுதவி என்று 2 எடுக்கலாம், ஆனால் யாராவது "நான் டியூக்" என்று சொல்லி மறிக்கலாம். 7 காசு கட்டினால் விரும்பியவரின் ஒரு உயிரை எடுக்கலாம். இதுதான் ஆட்சிக் கவிழ்ப்பு, இதற்கு மறிப்பும் இல்லை, "காட்டு"வும் இல்லை. 10 காசோடு முறை வந்தால் கவிழ்த்தே ஆகவேண்டும். மற்ற எதற்கும் பாத்திரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தக் கடதாசி கையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேய்க்காட்டுவதுதான் விளையாட்டே.

ஒரு முறைக்குள் எது முதல், எது பிறகு என்பதில்தான் பல மேசைகள் குழம்பும். "நான் கப்டன், அண்ணாவிடம் 2 எடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும் முதலில் "காட்டு"வுக்கு இடம் விடவேண்டும். அதைப் பறிகொடுக்கும் அண்ணாதான் கேட்கவேண்டும் என்றில்லை, மேசையில் யாரும் கேட்கலாம். அது முடிந்த பிறகுதான் மறிப்பு. கப்டனைக் கப்டனாலோ தூதுவராலோ மறிக்கலாம். "நான் தூதுவர், தரமாட்டேன்" என்று அண்ணா சொன்னால் அந்த மறிப்புக்கும் "காட்டு" கேட்கலாம். இரண்டு இடத்திலும் அவசரப்பட்டுக் காசைக் கையில் எடுக்க விடாதீர்கள். எடுத்த பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

"காட்டு" என்று கேட்கப்பட்டவரிடம் கடதாசி இருந்தால் அதைத் திறந்து காட்டுவார், கேட்டவர் ஒரு உயிரை இழப்பார், செயலும் நடக்கும். பலர் மறப்பது இதற்கு அடுத்த படி: காட்டிய கடதாசியைக் கட்டுக்குள் போட்டுக் கலைத்து, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும், உண்மை சொன்னவருக்கே தண்டனை கிடைத்த மாதிரி ஆகிவிடும். பொய் பிடிபட்டால் சொன்னவர் ஒரு உயிரை இழப்பார், செயல் நடக்காது, கட்டிய காசு திரும்ப வரும். ஆனால் கொலையாளி சீமாட்டியால் மறிக்கப்பட்டால் கட்டிய 3 காசும் போனதுதான். உயிரை இழப்பவர் இரண்டில் எதைத் திறப்பது என்று தானே முடிவு செய்வார். எதிராளி கை வைத்து எடுப்பது பிழை.

இனி உங்கள் டியூக் பிரச்சினை. உங்கள் கையில் 2 கடதாசி இருக்கிறது, மற்ற 13 இல் டியூக் எத்தனை என்பதுதான் கேள்வி. உங்களிடம் டியூக் இல்லை என்றால், எதிரில் இருக்கும் ஒருவரிடம் குறைந்தது ஒரு டியூக் இருக்க 42% வாய்ப்பு. உங்களிடம் ஒன்று இருந்தால் அது 30% ஆகும். இரண்டும் டியூக் என்றால் 15%தான். டியூக் உள்ளவர் எப்போதும் உண்மையைச் சொல்கிறார், இல்லாதவர் பாதித் தடவை பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது "நான் டியூக்" என்ற சொல் உண்மையாக இருக்கும் வாய்ப்பு முறையே 59%, 46%, 27%. உங்கள் மேசையில் பாதியல்ல, எல்லோருமே சொல்கிறார்கள். ஆகவே எண்கள் பழையபடி 42, 30, 15 க்கே இறங்கிவிடும். கையில் ஒரு டியூக்கை வைத்துக்கொண்டு "காட்டு" சொல்லாமல் இருப்பது லாபத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பிப் போவதுதான்.

அப்படியிருந்தும் ஏன் யாரும் கேட்பதில்லை? கேட்டது பிழையானால் உயிர் போவது கேட்டவருக்கு மட்டும். சரியாகக் கேட்டால் லாபம் மேசையில் எல்லோருக்கும். ஆறு பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் கேட்கட்டும் என்று காத்திருப்பார்கள். இதை உடைக்க மூன்று அடையாளம் பாருங்கள். ஒரே சுற்றில் நாலு பேர் டியூக் என்றால் ஒருவராவது பொய், ஏனென்றால் இருப்பதே மூன்று. உங்களிடம் ஒன்று இருந்தால் மற்ற மூன்று பேர் சொன்னாலே போதும். திறந்து கிடக்கும் டியூக் ஒவ்வொன்றையும் இதே மாதிரிக் கழித்துக்கொண்டு போங்கள். அடுத்தது, கடைசியாகச் சொன்னவரிடம் கேளுங்கள். முதலில் சொன்னவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நாலாவது ஆள் மற்றவர்கள் சும்மா விட்டதைப் பார்த்துத் துணிந்தவர். மூன்றாவது, உங்களுக்கு இரண்டு உயிர் இருக்கும்போதே கேளுங்கள். ஒரு உயிரோடு கேட்பது ஆட்டத்தையே பந்தயம் கட்டுவது. முதற் சுற்றில் ஒரே ஒரு தடவை யாராவது பிடிபட்டால், அடுத்த ஆட்டத்திலிருந்து மேசையின் போக்கே மாறும்.

டியூக்கை விடக்கூடாது என்பதற்கு வேகமும் ஒரு காரணம். 2 காசோடு தொடங்கினால் டியூக்குக்கு இரண்டு முறையில் 8 சேரும், மூன்றாவது முறையில் கவிழ்ப்பார். வெளியுதவியில் போனால் நாலாவது முறை, ஒவ்வொன்றாக எடுத்தால் ஆறாவது முறை. இதைவிட வேகம் கொலையாளி: முதல் முறையில் 1 எடுத்து 3 ஆக்கி, இரண்டாவதிலேயே வெட்டலாம். எல்லோரும் டியூக் என்று கூவும் மேசையில் அமைதியாக 1 காசு எடுக்கும் ஆளைப் பாருங்கள், பெரும்பாலும் அவர்தான் 5 ஐ வைத்திருப்பார். அல்லது அப்படி நினைக்க வைக்கப் பார்க்கிறார்.

கொலையாளி வந்தால் கணக்கு வேறு. இரண்டு உயிரோடு இருக்கும்போது ஏற்றுக்கொண்டால் ஒரு உயிர் போகும், அவ்வளவுதான். "காட்டு" கேட்டு அவர் காட்டிவிட்டால், கேட்டதற்கு ஒன்று, கொலைக்கு ஒன்று என இரண்டும் போய் ஒரே முறையில் வெளியே. பொய்யாகச் சீமாட்டி என்று மறித்துப் பிடிபட்டாலும் அதே கதி. ஆகவே கையில் 6 இல்லாவிட்டால், முதற் கொலையைப் பொறுத்துக்கொள்வது பெரும்பாலும் சரி. ஒரு உயிர்தான் மிச்சம் என்றால் எல்லாம் தலைகீழ். ஏற்றாலும் சாவு, பிடிபட்டாலும் சாவு. ஆகவே எல்லோரும் சீமாட்டி என்றே சொல்வார்கள், அந்தச் சொல்லுக்குப் பெறுமதி குறைவு. கொலையாளியாக நீங்கள் இருந்தால் ஒற்றை உயிர்காரர் மேல் 3 காசைச் செலவழிக்கும் முன்பே, அவர் சீமாட்டி என்றால் "காட்டு" கேட்பேனா என்று முடிவு செய்துவிடுங்கள். கேட்கத் துணிவில்லை என்றால் 7 சேரும்வரை பொறுங்கள். மூன்று சீமாட்டியும் திறந்து கிடந்தால் கேள்வியே இல்லை.

தூதுவரைப் புதியவர்கள் பயனில்லாத கடதாசி என்று ஒதுக்குவார்கள். என் கணக்கில் பொய் சொல்ல அதுவே ஆகப் பாதுகாப்பான பாத்திரம். காசும் வரவில்லை, யாருக்கும் நட்டமும் இல்லை, எனவே உயிரைப் பணயம் வைத்து எவரும் கேட்கமாட்டார்கள். ஆறு பேர் ஆடும்போது கட்டில் மிஞ்சுவது 3 கடதாசி, தூதுவர் அதில் இரண்டைப் பார்த்துவிடுவார். அவரை அடுத்த சில முறைக்கு எல்லோரும் பயந்துதான் கேட்பார்கள். நாலு பேர் என்றால் கட்டில் 7 இருக்கும், அந்தப் பலம் குறையும்.

இருவர் மட்டும், ஆளுக்கு ஒரு உயிரோடு மிஞ்சும்போது கப்டன்தான் ராசா. இருவரிடமும் 2 காசு, டியூக் தொடங்குகிறார் என்று போட்டுப் பாருங்கள். டியூக் 5. கப்டன் இரண்டு பறிக்க 4, டியூக் 3. டியூக் 6, பறித்ததும் கப்டன் 6, டியூக் 4. டியூக் 7, பறித்ததும் கப்டன் 8, டியூக் 5. டியூக் 8 ஆக்குவார், ஆனால் முறை கப்டனுடையது, 7 கட்டிக் கவிழ்த்துவிடுவார். தன் முறை வரும்போது டியூக்கின் கையில் ஒரு தடவைகூட 7 இருக்காது. ஆகவே அவர் ஏதாவது ஒரு பறிப்பையாவது "நான் கப்டன்" அல்லது "நான் தூதுவர்" என்று பொய்யாக மறித்தே ஆகவேண்டும். மூன்று பறிப்பில் எதை மறித்தாலும் போதும், ஆனால் மூன்றாவதையும் விட்டால் பிந்திவிடும்.

கை, கண் பற்றியும் ஒன்று. பெயரைச் சொல்வதற்கு முன் தன் கடதாசியைத் தூக்கிப் பார்ப்பவர் பாதி உண்மையை அங்கேயே சொல்லிவிடுகிறார். பார்க்கத் தடை இல்லை, ஆகவே பார்ப்பதானால் ஒவ்வொரு முறையும் பாருங்கள், 1 காசு எடுக்கும்போதும். மறிக்கும்போது எடுக்கும் நேரமும் அப்படியே. உண்மையான சீமாட்டி உடனே வாயில் வரும், பொய்ச் சீமாட்டிக்கு ஒரு மூச்சு பிந்தும். பழகியவர்கள் எப்போதும் அந்த ஒரு மூச்சை விட்டே பதில் சொல்வார்கள்.

ஏழெட்டுப் பேர் வந்துவிட்டால், ஒதுக்கிய இனத்தையும் சேர்த்து 20 கடதாசியோடு ஆடுங்கள், ஒவ்வொன்றிலும் நாலு. எட்டுப் பேருக்கு 16 போக 4 மிஞ்சும். அப்போது "நாலு டியூக் என்றால் ஒருவர் பொய்" என்ற கணக்கு ஐந்தாக மாறும். இன்னும் 20 புளியங்கொட்டை கூட்டிக்கொள்ளுங்கள்.