ஓர் அறிக்கையும் ஐந்து ஆங்கிலச் சொற்களும்

கேள்வி: நிலாவெளியில் ஒரு சிறிய விடுதியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விருந்தினர்களைப் புறாமலைத் தீவுக்குக் கூட்டிச் செல்லும் எங்கள் படகோட்டி அண்ணர், சென்ற மாதம் ஒரு பிற்பகல், கச்சான் காற்று எழுந்த பிறகும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். உயிர்காப்பு அங்கி ஒன்று குறைவாக இருந்ததால் சின்னப் பிள்ளை அங்கியில்லாமலே போய்வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. இதைப் பற்றிக் கொழும்பிலுள்ள உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். அகராதியில் கேர்லெஸ், நெக்லிஜென்ட், ரெக்லெஸ், ரேஷ், ஃபூல்ஹார்டி எல்லாவற்றுக்கும் ‘கவனமற்ற’, ‘முன்யோசனையற்ற’ என்றே பொருள் போட்டிருக்கிறது. முகாமையாளர் ‘ரெக்லெஸ்’ என்று எழுதச் சொல்கிறார். அதனால் அண்ணருடைய வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறேன். எதை எழுதுவது?
– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. அகராதி ஒரே பொருளைத் தந்தாலும், இந்த ஐந்து சொற்களும் அந்த நேரத்தில் அந்த மனிதரின் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றி ஐந்து வேறு செய்திகளைச் சொல்கின்றன. ஆகவே, ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்விக்கு விடை காணாமல் எந்தச் சொல்லையும் எழுதாதீர்கள்.

தெரியாமல், பார்க்காமல் விட்டது கேர்லெஸ். செய்ய வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்து அதை அவர் செய்யாமல் விட்டால், அலுவலக ஆங்கிலம் அதை நெக்லிஜென்ட் என்னும். நம் பத்திரிகைகள் ‘கவனயீனம்’ என்று எழுதுவது இதைத்தான். ரெக்லெஸ் இவ்விரண்டையும் விடக் கனமானது. ஆபத்து கண்முன்னே தெரிந்தும் ‘பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்’ என்று இறங்குபவரையே அது குறிக்கும். ‘ரெக்’ என்பது பொருட்படுத்துதல் என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். கப்பல் உடைவதைக் குறிக்கும் சொல்லோடு குழப்பி முன்னால் டபிள்யூ எழுத்தைச் சேர்ப்பவர்கள் பலர், நீங்கள் சேர்த்துவிடாதீர்கள்.

இந்த வேறுபாடு நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்து வழக்கு ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் 11, 12 வயதுச் சிறுவர் இருவர் ஒரு கடையின் பின்புறத்தில் செய்தித்தாள்களைக் கொளுத்திவிட்டு, அது தானாக அணைந்துவிடும் என்று நம்பிப் போய்விட்டார்கள். தீ பரவி ஏறத்தாழ 10 இலட்சம் பவுண் சேதமானது. கீழ் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. ஆனால் தீ கட்டடத்துக்குப் பரவக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கவில்லை என்பதால், அவர்கள் செய்ததை ரெக்லெஸ் என்று கொள்ள முடியாது எனக் கூறி, அப்போது அங்கே உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2003இல் அந்தத் தீர்ப்பை நீக்கியது. அத்தனை பெரிய சேதமும் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அதே நியாயப்படி, சேதமே இல்லாதது அந்தச் சொல்லை விலக்கிவிடவும் மாட்டாது. ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பது உங்கள் படகோட்டிக்குப் போதுமான பதிலாகாது.

ரேஷ் என்பது எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவெடுப்பது. அதில் குற்றம் வேகத்தில் இருக்கிறது. ஃபூல்ஹார்டி நம் ‘அசட்டுத் துணிச்சல்’. முட்டாள் என்ற வசை அதற்குள்ளேயே இருப்பதால் அறிக்கையில் அதற்கு இடமில்லை.

இனி உங்கள் சம்பவத்துக்கு வருவோம். அங்கே நடந்தவை இரண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவது தவறு. கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. எஞ்சின் நின்றால் படகு கரையை விட்டு அப்பால் அப்பால் இழுபட்டுப் போகும் என்பது நிலாவெளிக் கடலில் தொழில் செய்யும் ஒருவருக்குத் தெரியாதிருக்க வழியில்லை. காற்று எழுந்த பிறகுதான் அவர் புறப்பட்டார் என்பது உறுதியானால், அந்த முடிவை ரெக்லெஸ் என்று எழுதுவதில் அநியாயம் எதுவும் இல்லை. புறப்பட்டபின் காற்று எழுந்திருந்தால் அந்தச் சொல் நிற்காது. ஆகவே நேரத்தை விசாரித்து உறுதிசெய்யுங்கள்.

அங்கி விடயத்தில் அவரிடமே கேட்க வேண்டும். படங்கைத் தூக்கி எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று கண்டு, “பிள்ளைய மடியில வைச்சிருங்கோ” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டிருந்தால் அதுவும் ரெக்லெஸ்தான். எண்ணவே இல்லை என்றால் நெக்லிஜென்ட். இன்னொன்றையும் நீங்கள் கேட்டாக வேண்டும்: போதிய அங்கிகளை வாங்கி வைப்பது யாருடைய பொறுப்பு? அது விடுதியின் பொறுப்பாக இருந்து, விடுதி வாங்காமல் விட்டிருந்தால், கவனயீனத்தில் முதற்பங்கு விடுதிக்கு உரியது. அதை மறைத்துப் படகோட்டி ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போடும் அறிக்கையில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது. விருந்தினர் அவசரப்படுத்தினார்கள் என்று அலுவலகத்திலிருந்து யாராவது அவரை நெருக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இச்சொற்கள் சட்டத்திலும் வாழ்கின்றன என்பதே. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, ரேஷ் அல்லது நெக்லிஜென்ட் ஆன செயலால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. இப்போது உயிர்ச்சேதம் எதுவும் இல்லைதான். ஆனால் நாளை வேறொரு சம்பவம் நடந்தால், உங்கள் பழைய அறிக்கை ஒரு சட்டத்தரணியின் மேசைக்குப் போகலாம்; அங்கே ஒவ்வொரு பெயரடையும் வாக்குமூலம் போலவே வாசிக்கப்படும்.

எழுதும்போது ‘அவர் ரெக்லெஸ் ஆனவர்’ என்று எழுதாமல், ‘காற்று எழுந்த பிறகு புறப்பட்டது ரெக்லெஸ் ஆன முடிவு’ என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் ஆளின் குணத்துக்கே தீர்ப்புச் சொல்கிறது. இரண்டாவது அன்றைய செயலோடு நின்றுவிடுகிறது. புறப்பட்ட நேரம், படகில் இருந்தவர்களின் தொகை, இருந்த அங்கிகளின் தொகை ஆகியவற்றை முதலில் எழுதிவிட்டுப் பெயரடைக்கு வாருங்கள். முடித்ததும் அறிக்கையை அண்ணருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் மறுமொழியை அவருடைய வார்த்தைகளிலேயே கடைசிப் பந்தியாகச் சேர்த்து, அதன் பிறகு கொழும்புக்கு அனுப்புங்கள்.