பொண்ணுக்குக் கோடிங் இல்லாத வேலை: பயப்பட வேண்டுமா?

வணக்கம் சார். மகளுக்குப் பிசினஸ் அனலிஸ்ட் வேலை, அதாவது சாஃப்ட்வேர் எழுதும் முன் பயன்படுத்துகிறவர்களுக்கு என்ன தேவை என்று கண்டறியும் வேலை, கிடைத்திருக்கிறது. "நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிட்டு, போய் ஆளுங்ககிட்ட கேள்வி கேக்குற வேலையா?" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க ஆள் கிடைக்காமல்தான் பல சாஃப்ட்வேர்கள் யாருக்கும் உதவாமல் கிடக்கின்றன.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி, கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு கிளினிக்கின் டோக்கன் ஆப் செய்தாள். டாக்டரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள்; அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். அதோடு விடாமல் ரிசப்ஷனில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்த அக்கா நோட்டில் சில பெயர்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். கேட்டால், "இவங்கல்லாம் ஊருக்குக் கடைசி பஸ் பிடிக்கணும்மா, முன்னாடி அனுப்பிருவேன்." டாக்டருக்கே தெரியாத விஷயம் அது. டோக்கன் வரிசையைக் கம்ப்யூட்டர் கறாராக நடத்தினால் முதலில் அடிபடுவது அந்த வட்டம்தான்.

டிசைன் திங்கிங் (பயன்படுத்துகிறவர்களைப் புரிந்துகொண்டு தீர்வை வடிவமைக்கும் முறை) என்று பெரிய பெயரில் சொல்வதன் முதல் படி இதுதான். 2007-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலருக்கு குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரை விலை மலிவாக வடிவமைக்கும் வேலை. நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால், நகர மருத்துவமனையில் தானமாக வந்த இன்குபேட்டர்கள் சும்மா கிடந்தன. காப்பாற்ற வேண்டிய குழந்தைகளோ தொலைவில், கரன்ட் இல்லாத கிராமங்களில். கேள்வியே மாறியது. மெழுகு போன்ற ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளே வைக்கிற சின்னத் தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) பிறந்தது: எம்பிரேஸ்.

ஒன்றை மறைக்க மாட்டேன். சில கம்பெனிகளில் டிசைன் திங்கிங் என்ற பெயரில் நடப்பது, சுவரில் கலர் கலராகச் சீட்டு ஒட்டுவது மட்டுமே. அனலிஸ்ட்டின் வேலை மீட்டிங் குறிப்பு எழுதுவதோடு முடிந்துவிடும். அதனால் ஹெச்.ஆரிடம் மகள் ஒன்று கேட்கட்டும்: "சாஃப்ட்வேரைப் பயன்படுத்துறவங்களை நான் நேரில் பார்க்க முடியுமா?" மழுப்பினால் யோசியுங்கள். டேட்டாபேஸில் தகவலைத் தேடி எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லையும் அவள் கைவிட வேண்டாம். ஆட்கள் சொன்னது உண்மையா என்று டேட்டாவில் பார்க்க அது வேண்டும்.

சேர நாள் இருக்கிறதல்லவா? தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் அனுமதி கேட்டு, இரண்டு மணி நேரம் நோட்டோடு ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். "உங்களுக்கு என்ன ஆப் வேணும்?" என்று கேட்கக் கூடாது. "நேத்து ஸ்டாக் தீர்ந்தப்போ என்ன பண்ணீங்க?" என்று கேட்கட்டும். போனை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.