வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னால் எடுத்துக்கொண்டு போக ஒரு பை: மூன்று நாளைக்கு அதில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "திருகோணமலையில் கடற்கரைக்குக் கிட்ட வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். புயல், வெள்ளம் என்று திடீரென்று கிளம்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போக ஒரு பை கட்டி வைக்கச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று நாளைக்கு அதில் என்னென்ன வைப்பது?"

கட்டாயம் கட்டி வையுங்கள். நான் இதே திருகோணமலையின் திருக்கடலூரில் பிறந்து வளர்ந்தவள். இப்போதும் கடலில் இருந்து ஐந்து நிமிட நடையில்தான் வீடு. 2012இல் இருந்து எங்கள் முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குகிறது.

இணையத்தில் இதற்குக் கிடைக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் காட்டுக்குள் போய்த் தங்குகிறவர்களுக்கு எழுதியவை. கூடாரம், பெரிய கத்தி, நெருப்பு மூட்டும் கல் என்று போகும். நாங்கள் காட்டுக்குப் போவதில்லை. கிளம்பச் சொன்னால் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்கோ, கோயில் மடத்துக்கோ, கடலை விட்டு உள்ளே இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கோதான் போவோம். அங்கே கூரை இருக்கும், தரை இருக்கும், நூற்றுக்கணக்கில் ஆட்களும் இருப்பார்கள். அந்த மண்டபத்தில் முதல் இரவு எது இல்லாமல் தவிப்போம் என்று யோசித்தால் பைக்குள் என்ன போக வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

அதை நான் 2004இல் தெரிந்துகொண்டேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், சுனாமி வந்த நாள். எனக்குப் பத்தொன்பது வயது. உடுத்த உடுப்போடு உள்ளே ஓடினோம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் காலில் செருப்பு இல்லை, அம்மாவின் கையில் ஒரு அகப்பை இருந்தது. தேங்காய்ப் பால் கலக்கிக்கொண்டு நின்றவர், அதை எப்போது எடுத்தார், ஏன் விடவில்லை என்று அவருக்கே தெரியாது. சாப்பாடு எப்படியோ வந்தது, ஊர் ஆட்கள் பார்சல் கட்டிக் கொண்டுவந்து தந்தார்கள். மாற்றுத் துணி, மாதவிடாய்த் துணி, அப்பாவின் பிரஷர் குளிசை, வாளி, கோப்பை எதுவும் இல்லை. ஈரப் பாவாடையோடு ஒன்றரை நாள் இருந்தேன்.

பிறகு வந்ததுதான் நீண்ட கஷ்டம். அலுமாரிக்குள் இருந்த பத்திரம் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிக் கட்டியாகிவிட்டது. ஐந்து பேருடைய பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, என் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு எல்லாம் போயிற்று. நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

இவ்வளவு பட்டும் நாங்கள் பை கட்டவில்லை. 2012 ஏப்ரல் 11 பின்னேரம், சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெரிய நிலநடுக்கம், கரையோரம் முழுக்க எச்சரிக்கை. தெரு முழுக்க முச்சக்கர வண்டி. நாங்கள் கேற்றடியில் நின்று கத்துகிறோம், அம்மா உள்ளே றங்குப்பெட்டியைக் கிளறி உறுதியைத் தேடிக்கொண்டு நிற்கிறார். இருபது நிமிடம். அன்றைக்குக் கடல் வரவில்லை. அன்று இரவே மகனின் பழைய ஸ்கூல் பையை எடுத்துக் கட்டத் தொடங்கினேன்.

ஆகவே முதலில் பத்திரங்கள். அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, கிளினிக் கொப்பி. நீங்கள் வாடகைக்கு இருப்பதால் வாடகை ஒப்பந்தமும். பலர் மறந்துவிடுவது அடகுத் துண்டு. மாரி வரும்போது எங்கள் பக்கம் பாதி வீட்டு நகை அடகில்தான் இருக்கும். துண்டு தொலைந்தால் மீட்கப் பெரும் அலைச்சல். எல்லாவற்றையும் ஒரு தடித்த பொலித்தீன் உறையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மடித்துக் கட்டி, அதை இன்னொரு உறைக்குள் தலைகீழாகப் போடுங்கள். மூலப் பத்திரங்களை லெமினேட் செய்ய வேண்டாம், பிறகு முத்திரை குத்தவோ உறுதிப்படுத்தவோ முடியாமல் போகும். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். எங்களுடையது கொழும்பில் தங்கச்சியிடம் இருக்கிறது.

அடுத்தது மருந்து. இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. பின்னேரமே எங்களைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பை தயாராக இருந்ததால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். ஆனால் அம்மாவின் குளிசைகளைப் பையின் வெளிப்பக்கப் பொக்கெற்றில் வைத்திருந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் குளிசையை எண்ணி சின்னக் கடுதாசி உறையில் போட்டுத்தானே தருவார்கள்? மழையில் அது ஊறி, சீனிக் குளிசையும் பிரஷர் குளிசையும் ஒன்றாய்க் கரைந்து வெள்ளைக் களியாக ஒட்டிக்கொண்டது. உறையில் பேனாவால் எழுதியிருந்ததும் அழிந்துவிட்டது. மண்டபத்தில் ஒரு தாதி அக்கா இருந்தார். களியை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதில எது எது என்று ஊகிச்சு நான் சொல்லமாட்டன் தங்கச்சி" என்றார். சரியான பதில் அதுதான். அம்மா இரண்டு நாள் குளிசை இல்லாமல் இருந்தார்.

இப்போது ஒவ்வொரு குளிசையும் தனித்தனிச் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில். உள்ளே ஒரு துண்டுக் கடுதாசியில் பெயர், அளவு, எந்த நேரம் என்று பென்சிலால் எழுதியிருக்கும். பேனா மை ஈரத்தில் ஊறிப் பரவலாம், பென்சில் எழுத்து நிற்கும். மாதத்துக்குரிய மருந்தைத்தான் தருகிறார்கள், மேலதிகம் எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். புது மாத மருந்து வந்தவுடன் அதில் ஒரு வாரத்துக்குரியதைப் பையில் வைத்துவிட்டு, பையில் இருந்த பழையதை வீட்டில் பாவிக்க எடுக்கிறேன். முதல் தடவை மட்டும் ஒரு வார மருந்தைக் காசு கொடுத்து வாங்கினேன். அதற்குப் பிறகு பையில் இருப்பது ஒருநாளும் காலாவதியாவதில்லை.

இன்சுலின் போடுகிறவர் இருந்தால் பயப்பட வேண்டாம். பாவனைக்கு எடுத்த குப்பி வெயில் படாமல், அதிக சூடில்லாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை நிற்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று மருந்துக் கடையில் கேட்டு எழுதி வையுங்கள். குப்பியைச் சின்னப் போத்தலுக்குள் போட்டு மூடி, அதைச் சுற்றி ஈரத் துணி கட்டிக் காற்றுப் படும் இடத்தில் வைத்தால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். ஐஸ்கட்டியோடு நேரே ஒட்ட வைக்கக் கூடாது, உறைந்துவிட்டால் அந்த மருந்தைப் பாவிக்க முடியாது.

மருந்தோடு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்) நான்கு பக்கெற், பனடோல், பிளாஸ்டர், காயம் கழுவும் மருந்து. ஒரு பக்கெற் ஜீவனி ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு. கரைத்ததை ஒரு நாளுக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள். வெள்ளத் தண்ணீரில் நடந்திருந்தால், அதுவும் காலில் வெடிப்போ காயமோ இருந்தால், எலிக்காய்ச்சல் பற்றி பீ.எச்.ஐ. (பொது சுகாதாரப் பரிசோதகர்) வரும்போது கட்டாயம் கேளுங்கள்.

இப்போது பையில் நான் ஆகப் பெரிதாக மதிக்கும் பொருள்: ஒரு பழைய நூல் சேலை. புரெவி இரவில் அது முதலில் இரண்டு கதிரைகளுக்கு நடுவில் திரையாக நின்றது, மண்டபத்தில் இருந்த பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் உடுப்பு மாற்றினார்கள். பிறகு பக்கத்தில் படுத்திருந்த பெண்ணின் ஐந்து மாதக் குழந்தைக்கு யன்னல் கம்பியில் ஏணை கட்டினோம். விடியப்புறம் கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்தபோது சுருட்டி அணையாக வைத்தோம். நனைந்த சேலையைப் பிழிந்து காயப்போட்டால் நூல் சேலை மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். நைலெக்ஸ் வேண்டாம், குழந்தைக்கு வியர்க்கும். ஆண்களுக்கு ஒரு சாரம் இதே வேலையைச் செய்யும்.

உடுப்பு ஆளுக்கு ஒரு சோடி போதும், இருண்ட நிறமாகப் பாருங்கள். உள்ளாடை மட்டும் கூட வையுங்கள். மாதவிடாய்ப் பட்டைகள் ஒரு பக்கெற், வீட்டில் யாருக்கும் தேவையில்லை என்றாலும் வையுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தேவைப்படும். நுளம்புச் சுருளும் தீப்பெட்டியும் ஒரு ரின்னுக்குள். சவர்க்காரம், ஒரு துவாய், ஒரு பிளாஸ்ரிக் கோப்பை. அந்தக் கோப்பை இல்லாமல் மலசலகூடத்துக்குப் போக முடியாது, மண்டபத்துக்கு ஒரு வாளிதான் இருக்கும். ஒரு விசில். அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடி போல, இல்லாவிட்டால் ஆளே முடங்கிப்போகும் பொருள் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். அதையும் யோசியுங்கள்.

தண்ணீருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் என்று வைத்தால் எங்கள் ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லீற்றர், அதாவது 45 கிலோ. யாராலும் தூக்க முடியாது. ஆகவே ஆளுக்கு ஒரு ஒன்றரை லீற்றர் போத்தல் மட்டும், அவரவர் கையில். கூடவே குளோரின் குளிசை ஒரு அட்டை. அதில் எழுதியிருக்கும் அளவுப்படி போட்டு, அரை மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம். கலங்கல் தண்ணீரை முதலில் அந்தச் சேலை நுனியில் வடிகட்டுங்கள். முடிந்த இடத்தில் கொதிக்க வைப்பதே நல்லது.

சாப்பாடு, சமைக்காமல் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். சமபோஷ (தானிய மா), அவல், பனங்கட்டி, வறுத்த கச்சான், பேரீச்சம்பழம். கிறீம் கிறேக்கரை அப்படியே பையில் வைத்தால் தூளாகிவிடும், பழைய பால்மா ரின்னுக்குள் அடுக்குங்கள். உப்பு மிக்சர் வகைகளைத் தவிருங்கள், தாகம் எடுத்துத் தண்ணீர் முடிந்துவிடும்.

காசு சின்னத் தாள்களாக. மின்சாரம் போனால் ஏ.ரி.எம். வேலை செய்யாது, ஐயாயிரம் ரூபாய்த் தாளை மாற்றித் தரவும் ஆள் கிடைக்காது. எங்கள் பையில் நூறும் ஐந்நூறுமாக ஆறாயிரம் இருக்கிறது. ஒரு பட்டன் போன், சார்ஜ் ஏற்றி நிறுத்தி வைத்தது, பவர் பேங்கைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. தலையில் மாட்டும் டோர்ச் ஒன்று, இரண்டு கையும் பிள்ளைகளைப் பிடிக்க வேண்டியிருக்கும். தேவையான நம்பர்களைக் கடுதாசியில் எழுதி வையுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, உங்கள் கிராம சேவகர். புது இடத்துக்கு வந்திருக்கிறீர்கள், கிராம சேவகரை இந்த வாரமே போய்ப் பார்த்து, கிளம்பச் சொன்னால் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டு, அந்த வழியை ஒருக்கா நடந்தே பாருங்கள்.

நடக்கும்போது பையையும் தோளில் போட்டுக்கொண்டு நடங்கள். நான் முதல் கட்டிய பை பதினான்கு கிலோ. தபால் கந்தோர் வரை போவதற்குள் தோள் விட்டுப்போயிற்று. இப்போது ஏழு கிலோ. பத்திரமும் மருந்தும் தனியாக ஒரு சின்னத் துணிப்பையில், அம்மாவின் கழுத்தில். பெரிய பையைப் போட்டுவிட்டு ஓட வேண்டி வந்தாலும் அது அவரோடு போகும். பையின் வாரில் ஆளுக்கு ஒரு சோடி பழைய செருப்பும் கட்டியிருக்கிறது. வெள்ளம் வடிந்த தெருவில் ஆணியும் கண்ணாடியும் தகரமுமாகத்தான் கிடக்கும்.

புயலுக்கும் வெள்ளத்துக்கும் நேரம் கிடைக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் தண்ணீருக்குள் போனபோதும், மழை பெய்துகொண்டிருந்த நாட்களிலேயே பையை இறக்கி வாசலில் வைக்க நேரம் இருந்தது. கடலுக்கு அப்படி இல்லை. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, நிலம் பலமாக அதிர்ந்தாலோ, எச்சரிக்கைக் கோபுரம் ஒலிக்கட்டும் என்று நிற்காதீர்கள். பை கையெட்டும் தூரத்தில் இருந்தால் எடுங்கள். அடுத்த அறையில் இருந்தால் விட்டுவிட்டு உள்பக்கமாக, உயரமான இடத்துக்கு ஓடுங்கள். 2004இல் முதல் அலை வடிந்ததும் பொருள் எடுக்கத் திரும்பிப் போன ஆட்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர், இருவரும் வரவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்: பைக்காக யாரும் திரும்பக் கூடாது, அம்மா சொன்னாலும் திரும்பக் கூடாது.

பையை வருடத்தில் இரண்டு முறை திறக்கிறோம், சித்திரை வருடப்பிறப்பு லீவில் ஒருக்கா, மாரி தொடங்க முன் புரட்டாதியில் ஒருக்கா. எல்லாவற்றையும் பாயில் கொட்டி, கச்சானையும் அவலையும் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, புதிது வாங்கி வைப்போம். போன புரட்டாதியில் திறந்தபோது சின்னவனுக்கு வைத்திருந்த காற்சட்டை அவனுக்கு முழங்காலுக்கு மேலே நின்றது, செருப்பு விரல் நுழையவில்லை. அடுத்த நாளே பஸாருக்குப் போய் ஒரு அளவு கூட்டி வாங்கினேன். உங்களுக்கும் பிள்ளைகள் இருந்தால் உடுப்பைக் கொஞ்சம் பெரிதாகவே பார்த்து வையுங்கள்.