ஒரே பையர், ஒரே வேலை: திருப்பூர் மெர்ச்சண்டைசர் அடுத்து என்ன கற்றுக்கொள்ளலாம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் எட்டு வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கிற வேலையில், இருக்கிறேன். வயது 31. சேர்ந்ததிலிருந்து ஒரே அமெரிக்க பையரைத்தான் பார்க்கிறேன். அங்கே வரி போட்டதிலிருந்து ஆர்டர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்றே தெரியவில்லை. இந்த வேலை போனால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஒன்றரை லட்சம் கட்டி டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேரலாமா, இல்லை டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிக்கலாமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் படிப்புகளில் குறை என்று சொல்லவில்லை. எட்டு வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, காலேஜ் முடித்து நேற்று வந்த பிள்ளைகளோடு ஃப்ரெஷராகப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்கின் மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீதத்துக்கு மேல் அது. எந்த மெர்ச்சண்டைசரும் எவ்வளவு திறமையாக வேலை பார்த்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. நம் கையில் இருப்பது, ஒரு கதவு சாத்தினால் தட்டுவதற்கு வேறு நாலு கதவு இருக்கிறதா என்பது மட்டும்தான்.

"வேறு எதுவும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நூல் வாங்குவதிலிருந்து தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறுகிற வரைக்கும் எல்லா டிபார்ட்மென்ட்டும் மெர்ச்சண்டைசருக்குத்தான் போன் போடுகிறது. எல்லா வேலையும் உங்களுக்குக் காதில் விழுந்து தெரியும், கையால் செய்து தெரியாது, அவ்வளவுதான். அதனால் உங்கள் வேலைக்கு முன்னால் நடக்கிற ஒரு வேலை, பின்னால் நடக்கிற ஒரு வேலை, இந்த இரண்டையும், அந்த வேலையைப் பார்க்கிற ஆள் ஒரு வாரம் லீவு போட்டால் நீங்கள் உட்கார்ந்து சமாளிக்கிற அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

முன்னால் என்றால் துணியும் காஸ்டிங்கும், அதாவது ஒரு பீஸுக்கு என்ன செலவாகும் என்ற கணக்கும். பல கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் கன்சம்ப்ஷனை (ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்பதை) பேட்டர்ன் மாஸ்டரிடம் கேட்டு ஷீட்டில் போடுவதோடு சரி. நீங்களே போடுங்கள். உடம்பு நீளம் 70 செ.மீ, கை 22, மடிப்பு தையலுக்கு 8, மொத்தம் 100. மார்பு அகலம் 52, அலவன்ஸ் 3, ஆக 55. நூறை ஐம்பத்தைந்தால் பெருக்கி, முன்னும் பின்னும் சேர்த்து இரண்டால் பெருக்கினால் 1.1 சதுர மீட்டர். 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம்) துணி என்றால் ஒரு பீஸுக்கு 176 கிராம், வேஸ்டேஜ் தனி. இப்போது துணி சுருங்காமல் இருக்கச் செய்கிற காம்பாக்டிங் முடிந்து துணி 170 ஜிஎஸ்எம்மாக வந்துவிட்டது என்று வையுங்கள். பீஸுக்கு 11 கிராம் கூடுகிறது. 50,000 பீஸ் ஆர்டரில் 550 கிலோ. துணி கிலோ 400 ரூபாய் என்று போட்டாலே 2,20,000 ரூபாய் போயிற்று, அதுவும் யாரும் திருடாமல், எந்த பீஸும் ரிஜெக்ட் ஆகாமல். இந்தக் கணக்கை துணி வந்த அன்றைக்கே போட்டு முதலாளியிடம் சொல்கிற ஆளை எந்தக் கம்பெனியும் லேசில் விடாது, விட்டாலும் அவருக்கு வேலை கிடைக்கும். சாயப்பட்டறையில் இரண்டு நாள் நின்று லேப் டிப்பில் (சின்னத் துண்டில் சாயம் போட்டுப் பார்க்கிற சாம்பிளில்) ஓகே ஆன ஷேடு, மொத்தத் துணிக்கும் சாயம் போடுகிற பல்க்கில் ஏன் மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பையருக்கு நீங்கள் எழுதுகிற மெயிலே வேறு மாதிரி ஆகிவிடும்.

பின்னால் என்றால் டாக்குமென்டேஷன், அதாவது ஏற்றுமதி பேப்பர் வேலை. என்னைக் கேட்டால் இதுதான் திருப்பூருக்கு வெளியேயும் கூடவே வருகிற திறமை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் (சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற சான்று), டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கிற வரி) எல்லாம் பனியனுக்கு மட்டும் இல்லை, கரூர் பெட்ஷீட்டுக்கும் கோயம்புத்தூர் பம்புக்கும் ராணிப்பேட்டை தோலுக்கும் அதேதான். பையரின் வங்கி பணத்துக்கு உறுதி கொடுக்கிற எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்றால், அதற்கான சர்வதேச விதிகளான யூசிபி 600-ஐ ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். எல்சியில் வேறு கெடு சொல்லாவிட்டால் ஷிப்மென்ட் ஆகி 21 நாளுக்குள், எல்சி காலாவதி ஆவதற்குள், டாக்குமென்ட் வங்கிக்குப் போக வேண்டும்; வங்கி பார்த்துச் சொல்ல ஐந்து வங்கி வேலை நாள் வரை எடுக்கலாம்; இன்வாய்ஸில் சரக்கு விவரம் எல்சியோடு பொருந்தாவிட்டால் டிஸ்கிரெபன்சி (பேப்பரில் முரண்பாடு) என்று பணம் நின்றுவிடும். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அந்த மாதிரி ஒப்பந்தங்களில் வரிச்சலுகை சும்மா வராது, சரக்கு இங்கேதான் உற்பத்தியானது என்று விதிப்படி காட்ட வேண்டும். அமெரிக்காவை விட்டு வேறு நாட்டு பையரைத் தேடுகிற கம்பெனிக்கு அந்த பேப்பர் வேலை தெரிந்த ஆள் வேண்டும்.

குவாலிட்டியில் நீங்கள் ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியவர். எத்தனை பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்கிற ஏக்யூஎல் டேபிள் ஒன்று இருக்கிறது. ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் ஏக்யூஎல் 2.5, ஜெனரல் லெவல் இரண்டு என்றால் 6,000 பீஸ் லாட்டில் 200 பீஸ் எடுப்பார்கள், குறையுள்ள பீஸ் 10 வரைக்கும் பாஸ், 11 வந்தால் ஃபெயில். அந்த டேபிளைப் படிக்கத் தெரிந்தால் இன்ஸ்பெக்ஷன் ஏஜென்சி, பையருக்காக இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற பையிங் ஆபீஸ் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

சரி, யார் சொல்லிக் கொடுப்பார்கள்? இதுதான் உண்மையில் கஷ்டமான இடம். டாக்குமென்டேஷன் அண்ணனிடம் போய் "கத்துக் கொடுங்கண்ணா" என்றால் நம் சீட்டுக்கு வருகிறான் போல என்று நினைப்பார், அதில் தப்பும் இல்லை. வேறு மாதிரி போங்கள். மாதக் கடைசியில் நாலு ஷிப்மென்ட் ஒன்றாக நெருக்கும்போது "பேக்கிங் லிஸ்ட்டை நான் போட்டுத் தர்றேண்ணா, நீங்க செக் பண்ணிக்குங்க" என்று கேளுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் திருத்துகிற ஒவ்வொரு இடமும் உங்களுக்குப் பாடம், அவருக்கும் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நம்பி விட்டுப்போக ஒரு ஆள் கிடைக்கிறார்.

எக்ஸலை ஒழுங்காகப் படியுங்கள். பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், பவர் க்வெரி இந்த மூன்றும் வந்தால் உங்கள் டிஎன்ஏ ஷீட் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணை) தானாகவே எந்த ஸ்டைல் லேட் என்று காட்டும். டேட்டா வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் செலவில்லாமல் இதிலேயே தெரிந்துவிடும். பிடித்தால் அடுத்து டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கிற எஸ்க்யூஎல், அதற்கு ஸ்வயம், என்பிடெல் போன்ற தளங்களில் பாடம் இலவசம், சான்றிதழ் பரீட்சைக்கு மட்டும்தான் பணம். அப்புறம் இந்தி. தையல் லைனில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் என்று இருக்கும்போது சூப்பர்வைசர் வழியாக இல்லாமல் நேராகப் பேசுகிற மெர்ச்சண்டைசருக்குப் பிரச்சினை ஒரு நாள் முன்னாலேயே தெரிகிறது. ஆங்கிலத்தில் மெயில் எழுதுவீர்கள், வீடியோ காலில் விலை பேசுவீர்களா? அதைப் பழகுங்கள்.

இதையெல்லாம் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். எல்லாவற்றிலும் அரைகுறையாக இருக்கிறவரை எந்த இன்டர்வியூவிலும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். முதலில் காஸ்டிங்கில் ஆழமாகப் போங்கள், அதன்பிறகு டாக்குமென்டேஷன். எக்ஸல் மட்டும் கூடவே ஓடட்டும். அந்த ஒன்றரை லட்சத்தை வங்கியிலேயே வைத்திருங்கள். ஆர்டர் நின்று சம்பளம் தள்ளிப்போனால், கிடைத்த முதல் வேலைக்கு அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாமல் இருக்க அந்தப் பணம்தான் உதவும்.

பயோடேட்டாவையும் இப்போதே மாற்றத் தொடங்கலாம். "மெர்ச்சண்டைசர், 8 வருட அனுபவம்" என்ற வரியைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை ஸ்டைல் ஒரே நேரத்தில் ஓட்டினீர்கள், சராசரி ஆர்டர் எத்தனை பீஸ், கன்சம்ப்ஷன் நீங்களே போட்டீர்களா, எந்தெந்த ஏற்றுமதி டாக்குமென்ட்டைத் தயாரித்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். இன்றைக்கு உண்மையானதை மட்டும் எழுதி, ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்து, புதிதாகக் கையில் வந்த வேலைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.