மலைச் சாலையில் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில், மத்தியதரைக் கடல் நாடுகளின் மலைப்புறங்களில் சுமையோடு சைக்கிள் பயணம் போவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: வண்டி இரைச்சல் குறைந்த மலைச்சாலைகளில் மட்டும் ஓட்ட ஆசை. கைப்பேசிச் செயலி காட்டும் வழியோ பாதி நேரம் லாரிச் சாலையில் கொண்டுபோய் விடுகிறது. வரைபடத்தைப் பார்த்தே அமைதியான சாலையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு ஊர்களுக்கு நடுவே இதைவிட வேகமான இன்னொரு சாலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் காரும் லாரியும் அதில் போய்விடும். பழைய சாலை உங்களுக்கு மிஞ்சும். இல்லாவிட்டால், எவ்வளவு ஒடுங்கிய சாலையானாலும் மொத்தப் போக்குவரத்தும் அதில்தான் வரும். சாலையின் அகலமோ அழகோ இதைச் சொல்லாது.

ஸ்பெயினின் மயோர்கா தீவில் இது கண்கூடு. பல்மாவிலிருந்து சோயேருக்கு மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். 2017இல் அதன் சுங்கக் கட்டணமும் நீங்கியது. சைக்கிளுக்கு அதில் அனுமதி இல்லை. கார்களெல்லாம் சுரங்கத்துக்குள் போய்விடுவதால், 500 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள சோயேர் கணவாய், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளோடும், பெரும்பாலும் சைக்கிள்காரர்களுக்கே. அதே தீவில் த்ரமுந்தானா மலைத்தொடரை ஒட்டிப் போகும் மா-10 சாலை உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதற்கு மாற்றுச் சாலை கிடையாது. சுற்றுலாப் பேருந்துகளும் அதில்தான் வரும். அதில் ஓட்டுவதானால் காலை 9 மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள்.

ஃபிரான்ஸின் ப்ரோவான்ஸ் பகுதியில் நெஸ்க் பள்ளத்தாக்குச் சாலை (டி 942) இன்னொரு நல்ல உதாரணம். ஸோ என்ற ஊருக்கு அவசரமாகப் போகிறவர்கள் அபேய் கணவாய் வழியாக டி 1 சாலையில் போய்விடுகிறார்கள். வீல்-சூர்-ஓசோனிலிருந்து மலைவிளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் ஏற்றம் சராசரி 2 முதல் 3 சதவீதம்தான். ஏறக்குறைய 20 கி.மீ. ஏறினால் 734 மீட்டர் உயரத்தில் காட்சிமேடை. வழியில் கடையும் இல்லை, குழாயும் இல்லை. இத்தாலியின் சார்தீனியா தீவில் தோர்காலியிலிருந்து பௌனேய் போகும் எஸ்எஸ் 125 சாலையும் இப்படித்தான்: விரைவு வண்டிகள் உட்புறத்துப் புதுச் சாலைக்கு மாறிவிட்டன. 1,017 மீட்டர் உயர ஜென்னா சிலானா கணவாயில் கோடைக்கூட்டம் இல்லாத மாதங்களில் ஆடுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

ஃபிரான்ஸுக்கு மிஷ்லன் அச்சு வரைபடம் ஒன்றை வாங்குங்கள். சிவப்புச் சாலையைத் தவிர்த்து, மஞ்சளைக் குறைத்து, வெள்ளைச் சாலைகளைக் கோத்துக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்தது. சாலைமேல் உள்ள அம்புக்குறிகளையும் கவனியுங்கள்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். செயலியில் சேருமிடத்தை மட்டும் கொடுக்காமல், நீங்கள் தேர்ந்த சிற்றூர்களை ஒவ்வொன்றாக நடுவில் செருகுங்கள்.

அமைதிக்கு விலை உண்டு. அதை ஏற்றத்தில் கொடுக்க வேண்டும். சுமையோடு ஓட்டுபவர் மணிக்கு 400 முதல் 500 மீட்டர் உயரம்தான் ஏறுவார். நாளுக்கு 1,000 மீட்டர் என்றால் ஏறுவதற்கே இரண்டரை மணி நேரம் வரை போய்விடும். கணவாயின் உயரத்தைப் பார்த்துப் பயப்படுபவர்கள் இத்தாலியின் டஸ்கனியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அங்கே பெரிய மலையே ஏறவேண்டாம். ஆனால் ஊர்கள் குன்றுச்சிகளிலும் ஓடைகள் கீழேயும் இருப்பதால், ஒவ்வோர் ஊருக்கும் 150 மீட்டர் இறங்கி 150 மீட்டர் ஏறி, மாலைக்குள் ஒரு கணவாய்க்கு மேலேயே ஏறியிருப்பீர்கள். ஆகவே திட்டமிடும்போது உச்சி உயரத்தை விட்டுவிட்டு, மொத்த ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவும் உடன் வருகிறார். செங்குத்தான ஏற்றம் அவருக்கு ஆகாது. மலைக்காட்சியும் வேண்டும், காரும் கூடாது. வழி உண்டா?

பதில்: பழைய ரயில் தடங்களைத் தேடுங்கள். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தத் தடங்கள் பெரும்பாலும் 3 சதவீதத்துக்குள் நிற்கும். அமைதிக்கு ஏற்றத்தால் விலை கொடுக்க வேண்டாத இடம் இவை மட்டுமே.

முதல் பரிந்துரை, ஸ்பெயினின் அந்தலூசியாவில் ஓல்வேராவுக்கும் புயெர்தோ செரானோவுக்கும் இடையிலான வியா வெர்தே தெ லா சியெரா. 36 கி.மீ., 30 சுரங்கங்கள், 4 பாலங்கள். தடம் போட்டார்களே தவிர ரயில் ஒருநாளும் ஓடவில்லை. ஓல்வேராவில் தொடங்குங்கள், மொத்தத்தில் இறக்கமாக அமையும். நடுவில் சாஃப்ராமகோன் பாறையில் கழுகுகள் வட்டமிடுவதைக் காணலாம்.

இஸ்திரியாவின் பாரென்சானா 123 கி.மீ.; த்ரியெஸ்தேயிலிருந்து ஸ்லோவேனியா வழியே குரோவேஷியாவின் போரெச் வரை. 1902 முதல் 1935 வரை குறுகிய தண்டவாள ரயில் ஓடிய தடம். ஸ்லோவேனியாவில் பெரும்பாலும் தார், குரோவேஷியாவில் பெரும்பாலும் சரளை. அங்கே 35 மி.மீ.க்குக் குறைந்த டயர் அப்பாவின் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். மிக எளிதானது வேண்டுமென்றால் ஃபிரான்ஸின் லூபெரோனில் கவயோனுக்குப் பக்கத்திலிருந்து அப்த் போகும் காலவோன் பாதை. வழியில் ரோமானியர் கட்டிய ஜூலியன் பாலம். 2005 வரை கார்கள்கூட அதன்மேல் ஓடின. கவயோன் வரை அவீஞோனிலிருந்து ரயில் உண்டு, அப்துக்குக் கிடையாது.

சுரங்கங்களுக்கு முன்விளக்கு கட்டாயம் கொண்டுபோங்கள். உள்ளே விளக்கு இருந்தாலும் எரியும் என்று நம்பக்கூடாது. வாயிலுக்கு முன்பே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வேகத்தைக் குறையுங்கள். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும் முதல் சில விநாடிகள் கண் தெரியாது.

கேள்வி: என் சைக்கிளில் முன்னே 50/34, பின்னே 11-28 பல். இரண்டு பைகளோடு 8 சதவீத ஏற்றத்துக்குப் போதுமா?

பதில்: போதாது. வண்டி, ஆள், பை எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். 34 பல்லுக்கு 28 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய 2.55 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. அதற்கு 190 வாட்டுக்கு மேல் வேண்டும். பயிற்சி பெற்றவர் ஒரு மணி நேரம் தருவார். மூன்றாவது நாள் மதியம் தரமாட்டார். பின்னே 34 பல் போட்டால் தேவை 160 வாட். முன்னே 30, பின்னே 36 என்றால் 135க்குள் வந்துவிடும். அந்த அளவு பெரும்பாலானவர்களால் நெடுநேரம் முடியும். மெதுவாக மிதித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 45 சுற்றுக்குக் கீழே போனால் முழு அழுத்தமும் முழங்காலில் விழும்.

கேசட்டை (பின்சக்கரப் பல்தொகுதியை) மட்டும் மாற்றினால் வேலை முடியாது. பின் டெரேலியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) அதிகபட்சம் எத்தனை பல் தாங்கும் என்பதை முதலில் பாருங்கள். மீறினால் மேல் உருளை பல்லில் உரசும். டெரேலியரைப் பல்லிலிருந்து தள்ளிவைக்கும் பி-ஸ்குரூவை இறுக்கி ஓரிரு பல் வரை சமாளிக்கலாம், அதற்குமேல் நீண்ட கூண்டுள்ள டெரேலியர் வேண்டும். செயினையும் நீளமானதாகப் போடுங்கள். பழைய நீளத்தோடு பெரிய பல்லுக்குப் பெரிய பல் விழுந்தால் டெரேலியர் முறிந்துபோகும்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வருகிறது, பிடியும் தளர்கிறது. டிஸ்க் பிரேக்தான்.

பதில்: பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே மெதுவாக இறங்குகிறீர்கள். மயோர்காவின் சா கலோப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 90 கிலோ எடையோடு ஏறக்குறைய 680 மீட்டர் இறங்கினால் 600 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். வேகமாகப் போனால் காற்றே கணிசமான பங்கைத் தின்றுவிடும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் காற்றின் உதவி அற்பம். கிட்டத்தட்ட அத்தனையும் டிஸ்க்கில் சூடாக இறங்கும். நேர்ச்சாலையில் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாக 3 விநாடி பிடித்து, மறுபடி விடுங்கள். இடைவெளியில் டிஸ்க் ஆறும்.

லீவர் ஹேண்டில்பார் வரை வந்து இடித்தால் உடனே நிறுத்தி 10 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். புறப்படும் முன் பேடின் தடிமனைப் பாருங்கள். உலோகத் தகட்டின் மேல் 1 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்றிவிட்டுப் புறப்படுங்கள். ரெசின் பேடைவிட உலோகத்தூள் பேட் வெப்பம் தாங்கும். ஆனால் உங்கள் டிஸ்க்கில் "ரெசின் மட்டும்" என்று பொறித்திருந்தால் போடக்கூடாது.

கேள்வி: டஸ்கனியின் வெள்ளை மண்சாலைகளுக்கு எந்த டயர்?

பதில்: 35 முதல் 40 மி.மீ. காயொலே இன் கியாந்தியிலிருந்து எரோய்கா நிரந்தரப் பாதை என்று 209 கி.மீ. வட்டத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு இந்த மண்சாலை. இறக்கங்களில் கார்ச்சக்கரங்கள் அலையலையாய் வரித்திருக்கும். காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள். சியெனாவுக்குத் தெற்கே களிமண் பூமி. பலத்த மழை பெய்த அன்று அந்தப் பக்கம் போகவேண்டாம். சேறு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். கோடை இறுதியில் பாதையோரங்களில் நெருஞ்சி முள் உண்டு. டியூப் இல்லா டயரில் அடைப்புத் திரவம் ஊற்றியிருந்தால் கவலையில்லை. டியூப் என்றால் முள்ளைப் பிடுங்கி, டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தபிறகே ஒட்டுப் போடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? ஹெல்மெட் முதலிய விதிகள் என்ன?

பதில்: ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை, பிறகு செப்டம்பர் பாதி முதல் அக்டோபர் வரை. ஃபிரான்ஸின் செவென் மலைப்பக்கம் இலையுதிர்காலத்தில் சில மணி நேரத்தில் வெள்ளம் வரும் மழை கொட்டும். எச்சரிக்கை வந்தால் ஓடைப்பாலங்களைக் கடக்காதீர்கள். ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று அடிக்கும். அந்த நாளில் தெற்கு நோக்கி ஓட்டும்படி திட்டத்தைத் திருப்புங்கள். ஸ்பெயினில் ஊர் எல்லைக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். ஃபிரான்ஸிலும் இத்தாலியிலும் இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி வேண்டும். இத்தாலியில் சுரங்கங்களுக்குப் பகலிலும் அதே விதி.

கேள்வி: தண்ணீர்?

பதில்: ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல். ஊர்ச்சதுக்க ஊற்றுகளில் "நோன் பொத்தாபிலே" (குடிநீர் அல்ல) என்ற பொருளில் பலகை இருந்தால் குடிக்காதீர்கள். ஃபிரெஞ்சுக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். பலகை ஏதுமில்லை என்றால் நிரப்பலாம். மதியம் 12:30க்குமேல் கிராமக் கடைகள் அடைத்துவிடும். சிற்றூர்களில் திங்கட்கிழமையும் பல கடைகள் திறக்காது. உணவை முதல்நாள் மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.